பொழுது போகாத துப்பாக்கிகள்

'உங்க ஹாபி என்ன?' என்று கேட்டால் நம்மவர்களிடம் ஒரு ரெடிமேட் பட்டியல் உண்டு. பாட்டுக் கேட்பது, புத்தகம் படிப்பது, தபால்தலை சேர்ப்பது. வரன் பார்க்கும் குறிப்பில் 'தோட்டக்கலை' என்று எழுதியவர் வீட்டில் ஒரு துளசிச் செடிகூட இருக்காது. போகட்டும், யாருக்கும் நஷ்டமில்லாத பொய்.

சமீப காலமாக இந்தப் பட்டியலில் சத்தமில்லாமல் ஒன்று திரும்ப வந்து உட்காருகிறது. வேட்டை. முயல், கௌதாரி சமாசாரம் இல்லை. பெரிய வேட்டை. கொம்புள்ளது, தந்தமுள்ளது, கோரைப்பல் உள்ளது. விமானம் ஏறி ஆப்பிரிக்காவில் இறங்கி, வாடகை ரைஃபிளில் சுட்டு, செத்ததன் பக்கத்தில் ஒரு முட்டி போட்டு உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கேட்டால் 'அவுட்டோர் லைஃப்' என்கிறார்கள். வாழ்நாள் முழுக்கக் கூட வரும் துணையாம். டென்னிஸ் போல, கோல்ஃப் போல.

எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி. நாமக்கல் பக்கம் லாரிக்கு பாடி கட்டும் தொழில். நல்ல மனிதர், கூலி பாக்கி வைக்காதவர். ஆடிப்பெருக்கன்று ஜேடர்பாளையம் அணைக்கட்டுக்குக் கூட்டிப் போனார். காவிரியில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர். முளைப்பாரி விட வந்த பெண்கள், படகு இல்லத்தில் க்யூ, கரையோரம் முழுக்க மீன் வறுக்கும் சட்டிகள். வாழை இலைத் துண்டில் சுடச்சுட வந்த மீனை நான் பிய்த்துக்கொண்டிருக்கும்போது செல்போனை நீட்டினார். தென்னாப்பிரிக்கா. முறுக்குக் கொம்போடு ஒரு குடு மான் படுத்திருக்கிறது. அதன் தலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி இவர்.

"எப்படிங்க இருக்குது?" என்றார்.

"செத்துக் கிடக்குதுங்க" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. இதற்கெல்லாம் தயாராக வந்திருந்தார். "நீங்க இப்ப தின்னுட்டிருக்கறது மட்டும் என்ன, நேத்து வரைக்கும் காவேரியில நீந்திட்டிருந்த சீவன்தானுங்களே?"

நியாயமான கேள்வி. பலர் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு முழிப்பார்கள். நான் முழிக்கவில்லை. நான் மாமிசம் சாப்பிடுகிறவன். கொல்வது பாவம் என்று இந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட வராது. பசிக்குக் கொல்வது வேறு. ஆட்டைக் காப்பாற்ற, பயிரைக் காப்பாற்ற, பிள்ளையைக் காப்பாற்றக் கொல்வது வேறு. ஞாயிற்றுக்கிழமை போரடிக்கிறது என்று கொல்வது முற்றிலும் வேறு. மீன் வறுக்கும் அந்த அம்மா ஒவ்வொரு மீனோடும் போட்டோ எடுத்துக்கொண்டா நிற்கிறார்?

இந்த இடத்தில் நண்பர் கிழக்கே கையைக் காட்டினார். அந்தத் திசையில் கொல்லிமலை. "அங்க ஒருத்தன் இருந்தான் பாருங்க, வல்வில் ஓரி. ஒரே அம்புல யானை, புலி, மான், பன்னி, உடும்பு அஞ்சும் காலி. அவனுக்கு வருஷா வருஷம் கவர்மென்ட்டே விழா எடுக்குது. நாங்க செஞ்சா மட்டும் தப்புங்களா? வேட்டை நம்ம ரத்தத்துலயே இருக்குதுங்க."

ஓரியை இழுத்தால் நான் விடமாட்டேன். புறநானூற்றில் 152-ஆம் பாட்டு, வன்பரணர் பாடியது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அந்த அம்பு வரைக்கும் படித்துவிட்டு நிறுத்திவிடுகிறோம். அதற்கப்புறம்தான் விஷயமே இருக்கிறது. காட்டில் வந்த பாணர் கூட்டத்துக்கு, தான் வேட்டையாடிய மானின் இறைச்சியை வேகவைத்துக் கொடுக்கிறான் ஓரி. கூடவே கள். போகும்போது பொன்னும் மணியும். தான் யார் என்றுகூடச் சொல்லிக்கொள்ளவில்லை, பாணர்கள் பெயர் சொல்லிப் பாடும்போது வெட்கப்படுகிறான். கடையெழு வள்ளல்களில் அவனைச் சேர்த்தது கொடுத்த கைக்காக. ஐந்து உயிரை ஒரே அம்பில் தைத்தவன் தன் பெயரைச் சொல்லக் கூசுகிறான், நாம் ஒரு மானைச் சுட்டுவிட்டு நானூறு பேருக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறோம். ரத்தத்தில் இருக்கிறதாம், ரத்தத்தில்.

இன்னொன்றும் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல், மேற்கே கொங்கு நாடு முழுக்கப் 'புலிகுத்திக் கல்' கிடைக்கிறது. ஒரு ஆள் கையில் ஈட்டியோ வாளோ வைத்திருப்பான், எதிரே புலி பின்னங்காலில் எழுந்து நிற்கும். பட்டிக்கு வந்த புலியை மறித்து மாட்டைக் காப்பாற்றிச் செத்தவனுக்கு ஊர் நட்ட கல். பல இடங்களில் இன்றைக்கும் எண்ணெய் பூசி, பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். யாருக்குக் கல் நட்டார்கள் என்று பாருங்கள். மாடு யாருடையதாகவும் இருக்கலாம், போனது அவன் உயிர். புலிக்கும் அவனுக்கும் நடுவே இருந்தது ஒரு முழ இரும்பு. முந்நூறு கெஜம் தள்ளி, டெலஸ்கோப் மாட்டிய துப்பாக்கியோடு உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு வழிகாட்டியும் அவன் கையில் இன்னொரு துப்பாக்கியும் இருக்கும்போது சுடுபவருக்கு நம் ஊரில் எவனும் கல் நட்டதில்லை.

அப்படியானால் இந்த 'ஸ்போர்ட்' எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரனிடமிருந்து என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் நமக்கு சௌகரியம். ராஜாக்களும் விளையாடினார்கள். இந்தியாவின் கடைசிச் சிவிங்கிப்புலிகள் என்று பதிவாகியிருக்கும் மூன்றையும் 1947-ல் ஒரே ராத்திரியில் சுட்டவர் கோரியா சமஸ்தானத்து மகாராஜா. நாடு விடுதலை அடைந்த வருஷம். 1952-ல் 'இனம் அற்றுப்போனது' என்று அறிவித்தோம். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு, அடுத்த பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டு என்று விமானத்தில் ஏற்றி வந்து குனோவில் விட்டோம். ஒரு ராத்திரி பொழுதுபோக்குக்கு எழுபத்தைந்து வருஷம் கழித்து வந்த பில் அது. கட்டியது நாம்.

இலங்கையில் மேஜர் ரோஜர்ஸ் என்றொரு பிரிட்டிஷ் அதிகாரி இருந்தார். சுட்ட யானைகள் 1,300-க்கும் மேல் என்கிறார்கள். யானை, ஐயா, யானை. 1845-ல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். இதில் பாடம் எதுவும் நான் சொல்லவில்லை. மழைக்காலத்தில் மலைமேல் மின்னல் அடிப்பது சகஜம்.

மைசூரில் வான் இங்கன் என்று ஒரு கம்பெனி. செத்த மிருகத்தைப் பாடம் செய்து, உயிரோடு உறுமுவது போல் ஆக்கித் தருவார்கள். அந்தக் காலத்துப் பங்களாக்களில் சுவரில் மாட்டியிருக்கும் புலித்தலைகளில் பாதி அவர்கள் கைவேலையாகத்தான் இருக்கும். 1999-ல் மூடும் வரை அந்த ஒரு கம்பெனி வழியாகப் போன புலியும் சிறுத்தையும் மட்டும் நாற்பதாயிரத்துக்கும் அதிகம். இப்போது நாடு முழுக்க இருக்கும் புலிகள், 2022 கணக்கெடுப்பின் மதிப்பீட்டில், 3,682.

சேலம் மாவட்டத்துக்கு வருகிறேன். இன்றைய சேலம் இல்லை, பழைய சேலம். 1965-ல் தருமபுரி பிரிவதற்கு முன், 1997-ல் நாமக்கல் பிரிவதற்கு முன், ஓசூர் மேட்டிலிருந்து ஜேடர்பாளையம் காவிரிக்கரை வரை ஒரே மாவட்டம். இந்த மாவட்டத்தின் வடக்குக் காடுகளை உலகப் பிரசித்தமாக்கியவர் கென்னத் ஆண்டர்சன். 1910-ல் பிறந்தவர், பெங்களூர்க்காரர், ஸ்காட்லாந்து வம்சம். ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம், முத்தூர், கெம்பேகரை என்று நம் ஊர்ப் பெயர்களை லண்டனில் அச்சடிக்க வைத்தவர். அவர் புத்தகங்களை ராத்திரி ஒரு மணிக்கு, பாத்ரூமுக்கு எழுந்து போகப் பயந்துகொண்டு படித்தவன் நான். எழுத்து அப்படி. நம் காலத்து வேட்டை ரசிகர்கள் அத்தனை பேருக்கும் அவர்தான் குலதெய்வம். அதனால்தான் அவரை வைத்தே பேசுகிறேன்.

ஜவளகிரிப் புலியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏன் ஆட்கொல்லி ஆனது? ஆண்டர்சனே எழுதுகிறார். ஜோடியை இழந்து கத்திக்கொண்டு திரிந்த ஒரு பெண்புலியை, புலி வேட்டைக்கென்று வெளியூரிலிருந்து வந்த ஒரு இளைஞர் சுடுகிறார். சாகவில்லை, காயம். காயம்பட்ட புலிக்கு மானைத் துரத்த முடியாது. மனுஷனைத் துரத்தத் தேவையில்லை, அவனே விறகு பொறுக்க வருவான். வடக்கே ஜிம் கார்பெட் 1907-ல் சுட்ட சம்பாவத் பெண்புலி, 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. காரணம், யாரோ எப்போதோ சுட்ட பழைய குண்டு. அந்த 'யாரோ' தன் பங்களாவுக்குப் போய் விஸ்கியோடு 'இன்னிக்கு ஜஸ்ட் மிஸ்' என்று சொல்லியிருப்பார். 436 பேர். வேட்டைக்காரர் ஹீரோவாக வந்து ஆட்கொல்லியை ஒழிக்கும் கதையை நாம் வாய் பிளந்து படிக்கிறோம். அந்த ஆட்கொல்லியை உற்பத்தி செய்ததும் சில சமயம் அதே சங்கம்தான் என்பது முன்கதையில் இரண்டு வரியில் போய்விடுகிறது.

அடுத்தது பைரா. ஆண்டர்சனின் முதல் புத்தகத்திலேயே அவர் பெயரில் ஒரு அத்தியாயம் உண்டு. சின்னாற்றங்கரைக் காட்டில் வாழ்ந்த பூசாரி இனத்தவர். காட்டில் ஒரு இலை புரண்டு கிடந்தால் எது, எப்போது, எந்தப் பக்கம் போனது என்று சொல்லக்கூடிய ஆள். அந்த வித்தையைத் துரைக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான் என்று துரையே பெருந்தன்மையாக ஒப்புக்கொள்கிறார். துரை கையில் ரைஃபிள், லைசென்ஸ். பைரா கையில் ஒரு கட்டைத் துப்பாக்கி. இரண்டு பேரும் ஒரே காட்டில், ஒரே மானைச் சுடுகிறார்கள். ஒருவர் ஷிகாரி. இன்னொருவர் திருட்டு வேட்டைக்காரர். இத்தனைக்கும் காடு யாருடையது? பைரா சுட்டது குழம்புக்கு. அதுதான் குற்றம்.

ஆண்டர்சனுக்கும் நியாயம் செய்ய வேண்டும். பிற்காலத்தில் துப்பாக்கியைவிட கேமராவைத்தான் அதிகம் தூக்கினார், காடு அழிவதைப் பற்றிக் கடுமையாகவே எழுதினார். 1974-ல் இறந்தார். அவர் வழிபாட்டாளர்கள் அந்தப் பிற்பாதியை மட்டும் படிப்பதில்லை.

நண்பரின் பிரம்மாஸ்திரம் இதற்கு அப்புறம்தான் வந்தது. எல்லோரும் எடுப்பதுதான். "காட்டைக் காப்பாத்துனதே வேட்டைக்காரங்கதானுங்க." நீலகிரியைச் சொன்னார். சரி, பார்க்கலாம். 1877-ல் நீலகிரியில் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்கள், 1879-ல் சட்டம் வந்தது, உண்மை. வரையாடு அன்றைக்கு விரல் விட்டு எண்ணும் நிலைக்குப் போயிருந்தது. போனது எப்படி? அதே கனவான்கள் சுட்டுத்தான். தட்டைக் காலி செய்துவிட்டு, 'நாளைக்கும் சாப்பிட வேண்டுமே' என்று கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவுக்கு வெளியே நின்றது யார்? இருளரும் குறும்பரும். சீசனும் லைசென்சும் துரைக்கு, தடை அவர்களுக்கு. வரையாடு பிழைத்ததில் எனக்கு சந்தோஷம்தான். 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303. அதற்காகச் சமையல்காரர் சம்பளத்தைத் திருடனுக்குக் கொடுக்கச் சொல்லாதீர்கள்.

ஆப்பிரிக்க உதாரணமும் வந்தது. இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். நமீபியாவில் ஒரு கறுப்புக் காண்டாமிருகத்தைச் சுடும் அனுமதி 2014-ல் அமெரிக்காவில் மூன்றரை லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அங்கே கிராம மக்களே நிர்வகிக்கும் வனப்பகுதிகள் உண்டு. வேட்டைப் பணமும் இறைச்சியும் அவர்களுக்கும் போகிறது. கென்யா 1977-லேயே வேட்டையைத் தடை செய்தது, அதனால் அங்கே விலங்குகள் பெருகிவிடவும் இல்லை. மேய்ச்சல் நிலமும் தண்ணீரும் போனால் தடை என்ன செய்யும்? நமீபியா கிராமத்தான் தன் நிலத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஜேடர்பாளையத்தில் மீன் தின்றுகொண்டு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அது அவன் வயிற்றுக் கணக்கு. போகிறவரின் புண்ணியக் கணக்கில் அதை எழுதிக்கொள்ளக் கூடாது. காண்டாமிருகத்தைக் காப்பாற்றத்தான் போகிறோம் என்றால் பணத்தை அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருக்கலாமே! மூன்றரை லட்சம் டாலர் எதற்கு என்பது அவர்களுக்கும் தெரியும், காண்டாமிருகத்துக்கும் தெரியும்.

அத்தோடு, நமக்கு நம் கணக்கு இருக்கிறது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த வருஷக் கணக்கெடுப்பில் புலிகள் சுமார் 1,800. கால்தடம் பார்த்து எண்ணிய காலம் அது, இப்போது தானியங்கி கேமரா. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது சரியில்லைதான். இருந்தாலும் 3,682 என்பது ஏலம் விடாமல், ஒரு தலையைக்கூட விற்காமல் வந்த எண். நடுவில் கள்ளவேட்டை, சரிஸ்கா போல மொத்தமாகத் துடைத்துப்போன அவமானம் எல்லாம் பட்டும் வந்த எண். தமிழ்நாட்டில் மட்டும் 306. சிறுத்தை 1,070. இதற்கு எந்த ஹாபிக்காரரும் காசு தரவில்லை. வரி கட்டுகிற நீங்களும் நானும் தந்தோம். இன்னொரு சாரார் அதைவிட அதிகமாகத் தந்தார்கள். அவர்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

2023-ல் இந்தப் பரமத்தி வேலூர் வட்டாரத்திலேயே சிறுத்தை நடமாட்டம். இருக்கூர் பக்கம் ஆடு போச்சு, நாய் போச்சு. வெற்றிலைக் கொடிக்காலும் கரும்பும் வாழையுமாக இருக்கும் வாய்க்கால் பாசன பூமி இது, காடு இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போக ஆளில்லை. வனத்துறை கூண்டு வைத்தது, கேமரா வைத்தது. ஆடு வளர்க்கும் ஒரு அம்மாவிடம் பிறகொரு நாள் பேசிக்கொண்டிருந்தேன். "ராத்திரியெல்லாம் பட்டிக்கு முன்னால லைட்டப் போட்டுட்டு உக்காந்திருந்தமுங்க சாமி. அது வந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியாது" என்றார். வீரக்கல்லில் இருக்கும் ஆளின் வாரிசு அந்த அம்மாதான். கையில் ஈட்டிக்குப் பதில் டார்ச்.

2024 செப்டம்பரில் மேட்டூர் கொளத்தூர் பக்கம் இதே கதை வேறு மாதிரி முடிந்தது. சில வாரங்களாக ஆடுகளை அடித்துக்கொண்டிருந்த சிறுத்தை ஒன்று செத்துக் கிடந்தது. பரிசோதனையில் குண்டுக் காயம். உள்ளூர்க்காரர்கள் கைதானார்கள். செய்தது சரி என்று நான் சொல்லவில்லை, சட்டப்படி ஏழு வருஷம் வரை உள்ளே போகவேண்டிய குற்றம். ஆனால் ஆட்டுக்கு நஷ்டஈடு வாங்க ஒரு விவசாயி எத்தனை தடவை எத்தனை மேசைக்கு நடக்கிறார் என்று பார்த்தால், அந்தத் துப்பாக்கிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று கொஞ்சம் புரியும். அங்கே த்ரில் இல்லை. வயிற்றெரிச்சல்.

அதற்கு முந்தைய வருஷம், 2023 பிப்ரவரி. அதே மேட்டூர்ப் பக்கத்து கோவிந்தப்பாடியிலிருந்து பாலாற்றில் பரிசலில் போன ஒருவர் கர்நாடக வனத்துறை சுட்டதற்குப் பின் ஆற்றில் பிணமாகக் கிடைத்தார். மான் வேட்டைக்கு வந்த கும்பல், எங்களைத் தாக்கினார்கள், திருப்பிச் சுட்டோம் என்றது அவர்கள் தரப்பு. மீன் பிடிக்கப் போனவர் என்றது இவர்கள் தரப்பு. மான் வேட்டைதான் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மானுக்கு மரண தண்டனை எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

இங்கிருந்து நேராக ராஜஸ்தானுக்குப் போங்கள். 1998 அக்டோபரில் ஜோத்பூர் பக்கம் படப்பிடிப்புக்குப் போன இடத்தில் வெளிமான் சுட்ட வழக்கு. சல்மான் கானுக்குத் தீர்ப்பு வந்தது 2018 ஏப்ரலில், இருபது வருஷம் கழித்து, ஐந்து வருஷத் தண்டனை. இரண்டு ராத்திரி சிறை, ஜாமீன், அப்பீல். 2005-ல் ஹரியானாவில் கிரிக்கெட் நவாப் பட்டோடி மீது வெளிமான் வழக்கு. அவருக்கும் ஜாமீன். வழக்கு முடியும் முன்னே 2011-ல் மனிதரே காலமாகிவிட்டார். யாரையும் சுட்டிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை, அபிஷ்டு! எல்லோருக்கும் வழக்கு, ஜாமீன், வக்கீல், வாய்தா கிடைக்கட்டும் என்கிறேன். பரிசலில் போனவருக்கும்.

நம் வாழப்பாடி பக்கத்தில் சின்னமநாயக்கன்பாளையம், ரங்கனூர், கொட்டவாடி என்று சில ஊர்களில் பொங்கலை ஒட்டி 'வங்காநரி' பிடிப்பார்கள். நரி முகத்தில் முழித்தால் நல்லது என்ற நம்பிக்கை. வலை வைத்துப் பிடித்து, ஊரைச் சுற்றிக் காட்டி, கோயில் முன்னால் ஓடவிட்டுத் திரும்ப விட்டுவிடுவார்கள். நரிக்கு அது திருவிழா இல்லை, எனக்கு அந்த வழக்கத்தில் உடன்பாடும் இல்லை. வனத்துறை வந்து அபராதம் போடுகிறது, சரிதான். ஆனால் கொல்லாமல் பிடித்து விட்டவர் கிராமத்து மூடநம்பிக்கைக்காரர், டிக்கெட் போட்டுப் போய்க் கொன்றுவிட்டு வந்தவர் 'நேச்சர் லவ்வர்'. இந்த அகராதியை யார் அச்சடித்தது?

'ஆபத்தோடு விளையாடுவதுதான் சுகம்' என்கிறார்கள். என்ன ஆபத்து? ஜிம்பாப்வேயில் 2015-ல் சிசில் என்ற சிங்கத்தை ஒரு அமெரிக்கப் பல் டாக்டர் கொன்றார். சுமார் ஐம்பதாயிரம் டாலர் கொடுத்ததாகச் செய்தி. ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சிக்காரர்கள் கழுத்தில் பட்டை மாட்டி வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்த சிங்கம். அம்பு பட்டுக் காயத்தோடு பல மணி நேரம் கிடந்து, அப்புறம்தான் முடித்தார்கள். தென்னாப்பிரிக்காவில் இன்னும் அசிங்கம். கூண்டில் பிறந்து, ஆள் கையால் தின்று வளர்ந்த சிங்கத்தை வேலி போட்ட நிலத்தில் விட்டு, அங்கே வைத்துச் சுட்டிருக்கிறார்கள். டப்பா வேட்டை என்றே அதற்குப் பெயர். தீவனம் போட வருகிறான் என்று நினைத்து அது துப்பாக்கியைப் பார்த்து நடந்து வரும். அந்த நாட்டு அரசே வெட்கப்பட்டு இந்தத் தொழிலை மூடுவதென்று முடிவெடுத்திருக்கிறது. ஜேடர்பாளையம் அணையில் வெள்ளத்தின்போது நீச்சலடிக்கும் பயல்கள் இதைவிடப் பெரிய ஆபத்தில் இருக்கிறார்கள். அவர்களை போலீஸ் விரட்டுகிறது.

காட்டுப்பன்றி விஷயம் தனி. அது நிஜமான பிரச்னை. மரவள்ளி, நிலக்கடலை, மக்காச்சோளம் எதுவும் மிஞ்சுவதில்லை. ஒரு ராத்திரி, ஒரு கூட்டம், ஒரு ஏக்கர் முடிந்தது. விவசாயி பொறுத்துப் பார்த்து, முடியாமல் மின்வேலி போடுகிறார், அவுட்டுக்காய் வைக்கிறார். அதில் பன்றி சாகிறதோ இல்லையோ, யானைக்குட்டி வாய் சிதறிச் சாகிறது, சில சமயம் பக்கத்துத் தோட்டத்துக்காரரே சாகிறார். தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டி வந்தால் பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர் சுடலாம். நான் இதை ஆதரிக்கிறேன். இன்னும் வேகமாகச் செய்யுங்கள் என்கிறேன்.

நண்பர் முகம் மலர்ந்துவிட்டது. "அதைத்தானுங்க நானும் சொல்றேன். எங்களை மாதிரி ஷூட்டிங் தெரிஞ்சவங்களை விடுங்க. ஃப்ரீயா செஞ்சு தர்றோம்."

"சந்தோஷமுங்க" என்றேன். "ராத்திரி ரெண்டு மணிக்கு ஈர மரவள்ளிக் காட்டுல கொசுக்கடியில உக்காரணும். செல்போன் எடுக்கக் கூடாது. சுட்ட பன்னியோட போட்டோ கிடையாது, பல்லு கிடையாது, கறி கிடையாது. மண்ணெண்ணெய் ஊத்திக் குழியில போட்டு மூடிட்டு, காலையில ரேஞ்சர் நீட்டுற பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போகணும். வாரம் ரெண்டு நாள். வர்றீங்களா?"

கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல என்னங்க இருக்குது?" என்றார்.

எவ்வளவு நேர்மையான மனிதர் பாருங்கள். பன்றி செத்தால் போதும் என்பவருக்கு அதில் எல்லாம் இருக்கிறது. இவருக்கு வேண்டியது பன்றியின் சாவு இல்லை, தன் வீட்டுச் சுவர். பிரச்னைக்குத் தீர்வாக வரும் துப்பாக்கி வேலை முடிந்ததும் ஓய்வெடுக்கும். ஹாபியாக வரும் துப்பாக்கிக்குப் பன்றி தீர்ந்தால் அடுத்தது வேண்டும். அதனால்தான் இந்த வேலையை சம்பளம் வாங்கும், யூனிஃபார்ம் போட்ட, தப்புச் செய்தால் சஸ்பெண்ட் ஆகக்கூடிய ஒருவர்தான் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். ஆர்வமாகச் செய்ய முன்வருகிறார் என்பதே ஒருவரிடம் இந்த வேலையைக் கொடுக்காமலிருக்கப் போதுமான காரணம்.

வனத்துறைக்கும் ஒரு வேலை சொல்கிறேன். பழைய பங்களாக்களிலும் கிளப்புகளிலும் இன்னும் தலைகள் தொங்குகின்றன. 2003-ல் மத்திய அரசு ஒரு விதி போட்டு, வீட்டில் வைத்திருக்கும் வனவிலங்குப் பொருட்களைத் தெரிவிக்க ஆறு மாத அவகாசம் கொடுத்தது. தெரிவித்தவர்கள் தெரிவித்தார்கள், மற்றவர்கள் துணி போட்டு மூடினார்கள். பறிமுதல் செய்து எரிக்க வேண்டாம். தொங்கட்டும். ஆனால் ஒவ்வொன்றின் கீழேயும் தமிழில் ஒரு பலகை வைக்கச் சொல்லுங்கள். எந்த ஊர்க் காடு, எந்த வருஷம். பரணுக்குக் கீழே இரைக்காகக் கட்டிய எருமைக்கன்று யார் வீட்டுடையது. தப்படித்து, தகரம் தட்டிக் காட்டைக் கலைத்துப் புலியைத் துரை முன்னால் ஓட்டி வந்த இருபது முப்பது பேர் யார் யார், அவர்களுக்கு அன்றைக்குக் கொடுத்த கூலி எத்தனை அணா.